இறங்கிட்டுது

பக்கத்து வீட்டு ஓரெஸ்ட் எட்டிப் பார்த்து
செத்துப்போச்சு என்றான், அவன் பாஷையில்.
எங்கள் ஆக்கள் அப்படிச் சொல்வதில்லை.
பற்றறி இறங்கிட்டுது என்போம்,
காய்ச்சல் இறங்கின மாதிரி,
பஸ்ஸால் யாரோ இறங்கின மாதிரி.
இறங்கினதை ஏற்றலாம்.
செத்ததை என்ன செய்ய?

வினிப்பெக், ஜனவரி, மைனஸ் இருபத்தாறு.
வியாழன் இரவு மகள் பின் சீற்றில்
ஒற்றைத் தோட்டைத் தேடியிருக்கிறாள்.
தோடு கிடைத்தது.
கூரை விளக்கை அணைக்க மறந்தாள்.
ஞாயிறு பின்னேரம் திறப்பைத் திருப்பினேன்,
டிக் டிக் டிக் என்றது.
பல்லிகூட அதைவிட நல்ல சகுனம் சொல்லும்.

தன் பிக்கப்பிலிருந்து கம்பி தாறன் என்றான் ஓரெஸ்ட்.
உறைந்த பற்றறிக்கு மின் கொடுத்தால் வெடிக்கலாம்,
கையேட்டின் நாலாம் பக்கம்.
நன்றி சொன்னேன்.
விடியத்தான் வேலை, ஓர் இரவு இருக்கிறது.

கழற்றும்போது முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு.
பூட்டும்போது மறுவளம்.
வாய்ப்பாடு போல மூன்று தரம் சொல்லிக்கொண்டேன்.
பதினேழு கிலோ,
பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைக்கக் கூடாது,
உள்ளே அமிலம்.
கார் தவிர எல்லாம் கிடக்கும் கராஜுக்குள்
ஒரு பலகைமேல் வைத்து
டோர்ச் அடித்து விலாவைப் பார்த்தேன்.
வீங்கவில்லை. வெடிப்பில்லை.
இருந்தாலும் இரண்டு மணித்தியாலம்
குளிர் விட்டுப்போகட்டும் என்று இருந்தேன்,
அதற்கும் எனக்கும்.

நிலவறை வெதுவெதுப்புத்தான்,
ஆனால் அங்கே உலைக்குள் இரவெல்லாம் நீலச்சுடர்.
ஏறும்போது பற்றறி ஐதரசன் விடும்,
மணமில்லை, நிறமில்லை.
பத்தாம் வகுப்பில் சோதனைக்குழாய் வாயில்
எரிகுச்சி பிடித்தோம். பொப் என்றது. கைதட்டினோம்.
அதே பொப் ஒரு வீட்டளவில் எப்படியிருக்கும்?
கராஜ் கதவை ஒரு முழம் உயர்த்தி
பனிக்காற்றை உள்ளே விட்டேன்.

அமிலம் சிந்தினால் என்று அப்பச்சோடாப் பைக்கற்.
கண்ணுக்கு, அவர் புல்லு வெட்டும்போது போடும் கண்ணாடி.
மோதிரம் கழற்றினேன், காப்புக் கழற்றினேன்,
குனிந்தேன்.

ஒன்பது பவுண் தாலிக்கொடி
சட்டைக்குள்ளிருந்து நழுவி
இரண்டு முனைக்கும் நடுவில் ஆடியது.

பொன் நல்ல கடத்தி.
அதுவும் பத்தாம் வகுப்புத்தான்.

பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு தரம் கழற்றியது,
சத்திரசிகிச்சைக்கு, தாதி கேட்டதால்.
இன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
பனி அள்ளும் சவளுக்குப் பக்கத்து ஆணியில்
மாட்டிவிட்டுக் காத்திருந்தேன்.
எதுவும் நடக்கவில்லை.
மேலே அவருடைய குறட்டையும் நிற்கவில்லை.

சிவப்பில் சிவப்பு. கறுப்பில் கறுப்பு.
அதற்குப் பிறகுதான் சுவரில் பிளக்.
ஐம்பது, பத்து, நாலு என்று மூன்று தெரிவு.
ஐம்பது ஆசை காட்டியது.
நாலில் விட்டேன்.

மணிக்கொரு தரம் வந்து
விலாவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
சுடவில்லை.
அழுகின முட்டை மணக்கிறதா என்று மூக்கை உறிஞ்சினேன்.
மணந்தது நேற்றுப் பொரித்த சூடை மீன்,
என் ஸ்வெற்றரில்.
செம்மஞ்சள் விளக்கு விழித்துக்கொண்டிருந்தது,
நானும்தான்.

ஐந்து மணிக்குப் பச்சை.
முதலில் சுவர். பிறகு கறுப்பு, பிறகு சிவப்பு.
விறைத்த விரலால் காரில் பூட்டித் திறப்பைத் திருப்ப
ஒரு முக்கல், ஒரு இருமல்,
பிறகு பொட்டெனப் பிடித்தது.
கூரை விளக்கை இரண்டு தரம் பார்த்தேன்.

பெம்பினா வீதியின் மூன்றாவது சிக்னலில்
கை தன்பாட்டில் கழுத்துக்குப் போனது.

ஏழு மணிக்கு அவர் சவள் எடுக்க வருவார்.

திரும்பலாம்.
ஆனால் இனி அரை மணித்தியாலமாவது
நிறுத்தாமல் ஓட்டச் சொல்கிறது கையேடு.

பச்சை விழுந்தது.
நேரே போனேன்.